அகராதியும் ஆங்கிலத் தாளும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடைகளில் இலக்கியமும் தத்துவமும் பேசுவது வழக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஆங்கில அகராதியை எப்படிப் புரட்ட வேண்டும் என்ற தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். இது சின்ன விஷயம் என்று யாருக்காவது தோன்றினால், மார்ச் மாதத்தில் ஏதேனும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். கணக்கில் தேறிவிடுவேன், அறிவியலில் தேறிவிடுவேன், இங்கிலீஷ்தான் பயமாக இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அந்தப் பயத்தின் பெரும்பகுதி இலக்கணத்தால் வருவது இல்லை. பொருள் தெரியாத சொல் எதிரே வந்து நிற்கும்போது வருவது. சொல்லின் பொருளைத் தானே கண்டுபிடிக்கும் வழி கையில் இருந்தால் பயம் பாதியாகும். அந்த வழியை நாம் சொல்லித்தருவதில்லை என்பதே என் வாதம்.

டிக்‌ஷனரி வாங்கிக்கொள் என்று எல்லாரும் சொல்கிறோம். அதை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பாடவேளை ஒதுக்கிச் சொல்லித்தருபவர்கள் குறைவு. அகராதி பார்ப்பது ஒரு பாடம். அதற்கு ஜூனில் நேரம் ஒதுக்கினால், மார்ச்சில் நேரம் மிச்சமாகும்.

வினாத்தாள் கேட்பது என்ன?

தேர்வுக்காகத்தானே பேசுகிறோம், தேர்விலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன. இப்போது ஒரே தாள், 100 மதிப்பெண். முதல் பகுதியில் 14 ஒரு மதிப்பெண் வினாக்கள். அவற்றில் 3 ஒத்த பொருளுக்கு, 3 எதிர்ப்பொருளுக்கு. மீதி எட்டில் பன்மை வடிவம், முன்னொட்டு பின்னொட்டு, சுருக்கத்தின் விரிவு, ஃப்ரேசல் வெர்ப், கூட்டுச்சொல், முன்னிடைச்சொல் என்று வரும். அடுத்து இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு 20, ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 50, எட்டு மதிப்பெண் வினாக்களுக்கு 16. ஐந்து மதிப்பெண் பகுதியில் பிழை திருத்தும் வினா உண்டு. கடைசிப் பகுதியில், முன்பின் பார்த்திராத பத்தியைப் படித்து விடையளிக்கும் வினா உண்டு.

இந்தப் பட்டியலை அகராதியின் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் பகுதியின் எட்டு வினா வகைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நல்ல அகராதியில் தனித்தனி இடம் இருக்கிறது. ஒழுங்கற்ற பன்மை, தலைச்சொல்லுக்கு அடுத்தே அச்சாகியிருக்கும். ஃப்ரேசல் வெர்ப், வினைச்சொல்லின் பதிவு முடியும் இடத்தில் வரிசையாக நிற்கும். கூட்டுச்சொல், முதற்சொல்லைத் தொடர்ந்து வரும். எந்த முன்னிடைச்சொல் சேரும் என்பது எடுத்துக்காட்டு வாக்கியத்தில் இருக்கும்.

ஆனால் நம் பிள்ளைகள் இதற்குப் படிப்பது கைடு. அதில் மூன்று பத்தி: சொல், ஒத்த பொருள், எதிர்ப்பொருள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று உருப்போடுகிறார்கள். வினாத்தாளில் சொல் தனியாக வருவதில்லை. ஒரு வாக்கியத்துக்குள் அடிக்கோட்டோடு வருகிறது, கீழே நான்கு விடைகள். கைடில் உருப்போட்ட அந்த ஒரு சொல் நான்கில் இல்லாமல் போனால், பிள்ளை பேனாவை வைத்துவிட்டு விட்டத்தைப் பார்க்கிறது. படித்தது வரவில்லை என்று வீட்டுக்கு வந்து அழுகிறது. படித்த சொல்தான் வந்தது, அதன் வேறொரு ஒத்த சொல்லோடு வந்தது, அவ்வளவுதான்.

டாக்காவும் டோக்கியோவும்

ஆங்கில அகராதி என்றால் ஆங்கிலேயருக்காக இங்கிலாந்தில் செய்த பொருள், நமக்கு எட்டாதது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட பேரகராதியைப் பொறுத்தவரை அது சரி. கற்றோருக்காகக் கற்றவர் எழுதியது அது. எளிய சொல்லுக்குக்கூட அதைவிடக் கடினமான சொற்களால் விளக்கம் வரும். ஆனால் இன்று பள்ளி மாணவர் கையில் இருக்க வேண்டிய அகராதி வகை, கற்போர் அகராதி, பிறந்த இடம் வேறு. அது ஆசிய வகுப்பறைகளில் பிறந்தது.

மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலை ஏன் படிக்க முடியாமல் திணறுகிறார்கள் என்று ஆராய்ந்தார். ஒரே பக்கத்தில் புதிய சொற்கள் குவிந்து கிடந்தன. ஒன்றைப் புரிந்துகொள்வதற்குள் அடுத்தது வந்துவிடும். 1926இல் வெளியான தம் நூலில் இன்னொரு கேள்வியையும் எழுப்பினார். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நின்றுபோகும் அந்த நாளில் அவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது? ஆயுள் காப்பீட்டில் பாலிசியைப் பாதியில் முடித்தால் கைக்கு வரும் தொகைக்குச் சரண் மதிப்பு என்று பெயர். கல்விக்கும் அந்த மதிப்பு உண்டா என்று கேட்டார். நூறு ஆண்டுகள் ஆகியும் ஒவ்வோர் ஆசிரியரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

அவர் ஜேம்ஸ் எண்டிகாட்டோடு சேர்ந்து 1935இல் ஓர் அகராதியை வெளியிட்டார். சுமார் 24,000 பதிவுகள். எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுத அவர்கள் பயன்படுத்திய சொற்கள் 1,490 மட்டுமே. அந்த 1,490 சொற்களைத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளை மற்ற அனைத்தையும் தானே படித்துக்கொள்ளலாம். இன்றைய கற்போர் அகராதிகள் பல இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களுக்குள் விளக்கத்தை அடக்குவது அந்த வழியில்தான்.

அதே காலத்தில் ஜப்பானில் இன்னொரு முயற்சி. ஹெரால்ட் பாமர் 1922இல் டோக்கியோ சென்று, அடுத்த ஆண்டு ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1924இல் ஜப்பானுக்கு ஆசிரியராகப் போன ஏ. எஸ். ஹார்ன்பி அவரோடு சேர்ந்தார். ஜப்பானிய மாணவர்களுக்குச் சொல்லின் பொருள் தெரிந்தும் வாக்கியத்தில் அமைக்கத் தெரியவில்லை. எந்த வினைக்குப் பின் எது வரும், எந்தப் பெயர்ச்சொல்லை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்பதில் தடுமாறினார்கள். அதைச் சொல்லும் அகராதியை ஹார்ன்பியும் கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகிய இருவரும் தொகுத்தார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942இல் டோக்கியோவில் அது வெளியாயிற்று. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதை எடுத்து உலகத்துக்குத் தந்தது. இன்று உலகெங்கும் விற்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழித்தோன்றல்.

ஆக, டாக்காவின் பிள்ளைக்கும் டோக்கியோவின் பிள்ளைக்கும் இருந்த சிக்கல் திருவண்ணாமலைப் பிள்ளைக்கும் இருக்கிறது. அந்தச் சிக்கலுக்கென்றே செய்த கருவியும் இருக்கிறது. அதைத் திறக்கக் கற்றுத்தருவது மட்டும் பாக்கி.

எந்த அகராதி?

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இது. ஆங்கிலத்துக்கு ஆங்கிலமா, ஆங்கிலத்துக்குத் தமிழா? இரண்டும் சேர்ந்தது என்பது என் பதில்.

நம் ஊரில் அந்த வகைக்குப் பஞ்சம் இல்லை. சென்னை லிட்டில் ஃப்ளவர் கம்பெனியின் லிஃப்கோ அகராதி, ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் என்ற அமைப்பில் பல தலைமுறைகளாக வீடுகளில் இருக்கிறது. பள்ளி ஆண்டுவிழாவில் பரிசாக வாங்கி, அட்டை போட்டு, தம்பி தங்கைக்குக் கைமாற்றிய குடும்பங்கள் எத்தனையோ. இந்த மும்முனை அமைப்பின் வலுவை ஆய்வும் காட்டியிருக்கிறது. இஸ்ரேலில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களை வைத்துப் பாட்டியா லாஃபர் தம் சக ஆய்வாளருடன் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில விளக்கமும் தாய்மொழிப் பொருளும் ஒன்றாகத் தரும் அகராதியே மொத்தத்தில் சிறப்பாகப் பயன்பட்டது.

ஏன் இரண்டும் வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்பின் முதல் பாடத்தைக் கொண்டே காட்டுகிறேன். லியாம் ஓஃப்ளாஹர்ட்டியின் கதை. பறக்க அஞ்சும் கடற்பறவைக் குஞ்சு ஒன்று கடலோரப் பாறையில் தனித்து நிற்கிறது. அது நிற்கும் இடத்துக்கு லெட்ஜ் என்று ஒரு சொல். அது அஞ்சி அஞ்சி எட்டிப் பார்க்கும் இடத்துக்கு பிரிங்க் என்று ஒரு சொல். தமிழ்ப் பொருள் மட்டும் தரும் சிறிய பை அகராதியைத் திறந்தால் இரண்டுக்கும் விளிம்பு என்றே இருக்கும். எட்ஜ், ரிம், மார்ஜின் ஆகியவற்றுக்கும் விளிம்புதான். படித்த பிள்ளை ஐந்தும் ஒன்று என்று முடிவுகட்டும்.

இப்போது ஆங்கில விளக்கத்தைப் பாருங்கள். லெட்ஜ் என்பது செங்குத்துப் பாறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய தட்டையான திட்டு. அதில் நிற்கலாம், உட்காரலாம், தூங்கலாம். பிரிங்க் என்பது அதற்கு மேல் அடியெடுத்து வைத்தால் கீழேதான் என்னும் கடைசி ஓரம். ரிம் என்பது கிண்ணத்தின் வட்டமான வாய். மார்ஜின் என்பது தாளின் ஓரத்தில் விடும் வெற்றிடம். இவ்வளவு தெரிந்தபின் கதையே வேறாகத் தெரிகிறது. அந்தக் குஞ்சு லெட்ஜில் பாதுகாப்பாக இருக்கிறது. பிரிங்குக்கு வரும்போது அதன் உயிர் நடுங்குகிறது. கதையின் பெரும்பகுதி அந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலேயே நடக்கிறது. தமிழ்ப் பொருள் பிள்ளையைச் சொல்லின் அருகே கொண்டுபோய் விடுகிறது, ஆங்கில விளக்கம் பக்கத்துச் சொல்லிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. ஒத்த பொருள் வினாவில் நான்கு விடைகளில் ஒன்றைப் பொறுக்கத் தேவையான திறமை இதுதான்.

ஆசிரியர் மேசைக்குப் பெரிய அகராதி ஒன்று வேண்டும். அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே பார்க்கலாம். தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் எழுதத் தேடும் பிள்ளைக்கு, 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி உதவும். தமிழ்ச் சொல்லுக்குத் தமிழ் விளக்கம், ஆங்கில இணை, எடுத்துக்காட்டு மூன்றும் அதில் உண்டு.

ஒரு பதிவைப் படிக்கும் முறை

அகராதியில் ஒரு பதிவு என்பது ஐந்தாறு தகவல்களின் அடுக்கு. அதை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்கொண்ட சொல் கண்டக்ட்.

பேருந்தில் ஏறும் எல்லாருக்கும் கண்டக்டரைத் தெரியும். பள்ளியை விட்டுப் போகும்போது வாங்கும் கண்டக்ட் சர்டிஃபிகேட்டும் தெரியும். அறிவியல் பாடத்தில் தாமிரம் மின்சாரத்தைக் கடத்தும் என்ற இடத்திலும் இதே சொல் வரும். அகராதியில் இதைத் தேடச் சொல்வேன். முதலில் பிள்ளைகளுக்கு வியப்பு: ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு பதிவுகள். ஒன்று பெயர்ச்சொல் என்று குறி போட்டிருக்கிறது, மற்றது வினைச்சொல். அடுத்து உச்சரிப்பு. இரண்டிலும் மேலே ஒரு சிறு கோடு இருக்கிறது, ஆனால் இடம் மாறியிருக்கிறது. பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில், வினைச்சொல்லில் இரண்டாம் அசையில். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் வகுப்பே திரும்பத் திரும்பச் சொல்லும்.

பிறகு எண்கள். வினைச்சொல்லின் கீழே 1, 2, 3 என்று பொருள்கள் வரிசையாக இருக்கும். கூட்டத்தை, தேர்வை, ஆய்வை நடத்துவது ஒன்று. இசைக்குழுவை இயக்குவது ஒன்று. ஒருவரை ஓர் இடத்துக்கு அழைத்துச் செல்வது ஒன்று. வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துவது ஒன்று. பெயர்ச்சொல்லின் கீழே நடத்தை. இப்போது மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதி, எந்த வாக்கியத்துக்கு எந்த எண் என்று கேட்பேன். எண் ஒன்றைப் பார்த்ததும் மூடிவைக்கும் பழக்கம் அன்றோடு போய்விடும்.

பதிவைக் கண்டுபிடிப்பதற்கே பயிற்சி வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அகராதியைத் தடிமனில் நான்காகப் பிரித்தால் முதல் கால்பகுதியில் ஏ முதல் டி வரையும், இரண்டாவதில் ஈ முதல் எல் வரையும், மூன்றாவதில் எம் முதல் ஆர் வரையும், கடைசியில் எஸ் முதல் இஸட் வரையும் இருக்கும். இது தெரிந்த பிள்ளை முதல் திறப்பிலேயே அருகில் வந்துவிடும். பக்கத்தின் தலையில் அச்சாகியிருக்கும் இரண்டு வழிகாட்டிச் சொற்கள் மீதித் தூரத்தைக் காட்டும். மூன்றாவது, சொல்லின் அடிவடிவம். பாடத்தில் இறந்தகால வடிவத்தில் வரும் வினையை அப்படியே தேடி, அகராதியில் இல்லை என்று முடிவுகட்டும் பிள்ளைகள் நிறைய. விகுதியைக் கழற்றிவிட்டுத் தேடு என்று சொல்லித்தந்தால் போதும்.

எதிர்ப்பொருளில் இன்னொரு பள்ளம். முன்னால் இன் அல்லது அன் சேர்த்தால் எதிர்ப்பொருள் வந்துவிடும் என்று கைடு படித்த பிள்ளை நம்புகிறது. வேல்யுவபிள் என்றால் மதிப்புள்ளது, இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பற்றது என்று எழுதிவிடும். அதன் பொருள் விலைமதிக்க முடியாதது. அகராதியைத் திறக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் ஒரு மதிப்பெண் காப்பாற்றப்படுகிறது.

பிழை திருத்தும் வினா

ஹார்ன்பியின் உழைப்பு நம் பிள்ளைகளுக்கு நேரடியாக மதிப்பெண் தரும் இடம் ஐந்து மதிப்பெண் பிழைதிருத்தம். அட்வைஸ், ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்கு எஸ் சேர்த்துப் பன்மையாக்குவது நம்மிடையே பரவலான பிழை. தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்று தாராளமாகச் சொல்கிறோம், அதனால் கை தானாகப் போகிறது. கற்போர் அகராதியில் அந்தச் சொற்களுக்கு அருகே எண்ண இயலாதவை என்ற குறி ஒற்றை எழுத்தாக இருக்கும். டிஸ்கஸ் என்ற வினைக்குப் பின் அபவுட் சேர்ப்பது இன்னொன்று. எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பார்த்தாலே அந்த இடத்தில் முன்னிடைச்சொல் இல்லை என்பது தெரிந்துவிடும். தவறு செய்தேன் என்பதைத் தமிழ்ப் போக்கில் டூ போட்டு எழுதும் பிள்ளை, மிஸ்டேக் என்ற பதிவில் மேக் என்ற வினை தடித்த எழுத்தில் நிற்பதைக் கண்டால் திருத்திக்கொள்ளும்.

இவற்றை விதியாக எழுதிக் கொடுத்தால் நாற்பது விதிகள் ஆகும், நாற்பதும் தேர்வுக்கு முதல்நாள் குழம்பும். சொல்லோடு சேர்த்துப் பார்த்த பிள்ளைக்கு விதி தேவைப்படாது. இந்தச் சொல் இப்படித்தான் வரும் என்று கண் பழகிவிடும்.

நினைவில் நிற்பதற்கு

நினைவைப் பற்றி ஒரு சொல். பாட்டியா லாஃபரும் யான் ஹல்ஸ்டைனும் 2001இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். புதிய சொல் மனத்தில் பதிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு என்றார்கள். அந்தச் சொல் தனக்கு வேண்டும் என்ற தேவை, அதன் பொருளைத் தேடிப் போகும் தேடல், கிடைத்த பொருள்களில் இந்த வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று எடைபோடும் மதிப்பீடு. கைடு இந்த மூன்றையும் பிள்ளைக்காகத் தானே செய்துவிடுகிறது. தேவையை அது தீர்மானிக்கிறது, தேடலை அது முடிக்கிறது, மதிப்பீட்டையும் அது செய்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது மனப்பாடம் மட்டும். அகராதி பார்க்கும் பிள்ளை மூன்றையும் தானே செய்கிறது.

அதற்காக எல்லாச் சொல்லையும் தேடக்கூடாது. ஒரு பத்திக்குப் பத்துமுறை அகராதியைத் திறந்தால் கதை செத்துப்போகும், பிள்ளையும் சோர்ந்துபோகும். பத்தியை முழுவதும் படி, சுற்றியுள்ள வாக்கியத்தைக் கொண்டு ஊகி, ஊகித்தும் பொருள் பிடிபடாத சொல்லை மட்டும் தேடு. இதை மூன்று படிகளாகச் சொல்லித்தரலாம். பார்த்திராத பத்தி வினாவுக்கு இந்த ஊகப் பழக்கமே முதல். எந்தச் சொல்லை உருப்போடுவது என்பதற்கும் அகராதியே வழி சொல்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியில் அடிக்கடி வரும் சொற்களுக்கு அருகே ஒரு சிறு சாவிப் படம் இருக்கும். சாவி இருந்தால் குறிப்பேட்டில் எழுது, இல்லையென்றால் பொருளைப் பார்த்துவிட்டு நகர்.

குறிப்பேட்டில் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதினால் அது இன்னொரு கைடு ஆகிவிடும். சொல், அதன் வகை, பாடத்தில் அது வந்த வாக்கியம், ஆங்கில விளக்கம், தமிழ்ப் பொருள், அதோடு சேர்ந்து வரும் ஒரு சொல் என ஆறு கட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு பாடத்துக்கு ஐந்து சொற்கள் போதும்.

ஆண்டுத் திட்டம்

ஜூனில் ஒரு பாடவேளை: வரிசை, வழிகாட்டிச் சொல், அடிவடிவம். அடுத்த வாரம் இன்னொன்று: ஒரு பதிவின் அடுக்குகள். காலாண்டுத் தேர்வு வரை பாடத்துக்கு ஐந்து சொல். அரையாண்டு வரை முன்னொட்டும் எதிர்ப்பொருளும், ஃப்ரேசல் வெர்பும். ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியபின் புதிய சொல் தேட வேண்டாம், பிள்ளை தன் குறிப்பேட்டைத் தானே படிக்கட்டும். தேர்வுக் கூடத்துக்குள் அகராதி வராது, குறிப்பேட்டின் சொற்கள் தலைக்குள் வர வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் அகராதியைப் புரட்டுவது பதற்றத்தை மட்டுமே கூட்டும்.

நேரம் இல்லை, போர்ஷன் முடிக்க வேண்டும் என்பீர்கள். இரண்டு பாடவேளையும், அதன்பின் பாடத்துக்கு ஐந்து நிமிடமும் நான் கேட்பது. விலை கட்டாது என்பீர்கள். பெஞ்சுக்கு ஒன்று போதும். பள்ளி நூலகத்தில் பூட்டிக் கிடக்கும் அகராதிகளை ஆங்கிலப் பாடவேளைக்கு மட்டும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். கைப்பேசியில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், உச்சரிப்பைக் காதால் கேட்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் திரையில் முதலில் வரும் பொருளோடு நிறுத்தாமல், கீழே தள்ளி எண்களையும் எடுத்துக்காட்டையும் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். ஒற்றைச் சொல்லை மட்டும் தரும் மொழிபெயர்ப்புச் செயலி அகராதியின் வேலையைச் செய்யாது.

மெல்லக் கற்கும் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, 35 வாங்கினால் போதாதா என்ற குரலும் வரும். இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். அந்தப் பிள்ளைக்கு மினிமம் மெட்டீரியல் என்று நாலு தாள் கொடுத்து, அதையே திரும்பத் திரும்ப எழுதவைத்து, தேர்ச்சி என்று பலகையில் போட்டுக்கொள்கிறோம். மே மாதத்தில் அந்தத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். நாளை அவன் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இயந்திரத்தின் மேல் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்க வேண்டியிருக்கும். அவள் மருந்துச் சீட்டின் அடியில் உள்ள வரியைப் படிக்க வேண்டியிருக்கும். டாக்காவில் வெஸ்ட் கேட்ட சரண் மதிப்பு இவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளை எப்படியும் மேலே போகும். படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளைக்கு, தெரியாத சொல்லைத் தானே தேடிக்கொள்ளும் திறமையை நாம் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும்.

வினாத்தாள் அமைப்போருக்கு

முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளி இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளுக்கு, அச்சிட்ட ஆங்கில அகராதியையோ இருமொழி அகராதியையோ மாணவர் கையோடு கொண்டுபோகலாம். அங்கே அகராதி பார்க்கத் தெரிவதும் தேர்வுத் திறமையின் பகுதி. லட்சக்கணக்கானோர் எழுதும் நம் தேர்வில் அது உடனே நடக்காது, நான் அதைக் கேட்கவும் இல்லை. நம் வினாத்தாளிலேயே ஒரு சிறு மாற்றம் போதும். அகராதியின் ஒரு பதிவை, எண்ணிட்ட பொருள்களோடு, நான்கைந்து வரிகளில் வினாத்தாளில் அச்சிடுங்கள். கீழே ஒரு வாக்கியம் கொடுத்து, இதற்கு எந்த எண் பொருந்தும் என்று கேளுங்கள். ஒத்த பொருள் வினா மூன்றில் ஒன்றை இப்படி மாற்றினாலே போதும். அதற்குக் கைடு அச்சிட முடியாது. வினாத்தாளில் வருவதை வகுப்பில் சொல்லித்தருவோம், வராததைத் தள்ளிவைப்போம். நம் பள்ளிகளின் நடைமுறை இது. அந்த ஒரு மதிப்பெண் வினா வந்த ஆண்டே, மாநிலம் முழுவதும் அலமாரிகளில் உள்ள அகராதிகள் பெஞ்சுக்கு வந்துவிடும்.

அந்த மாற்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியப் பணிக்குப் பயின்றுகொண்டிருக்கும் இளைய நண்பர்களே, உங்களில் பலர் வரும் ஆண்டுகளில் பள்ளிக்குப் போவீர்கள். உங்கள் முதல் ஜூன் மாதத்தில் இரண்டு பாடவேளைகளை அகராதிக்குக் கொடுங்கள். உங்கள் தலைமையாசிரியர் காரணம் கேட்டால், 100 மதிப்பெண் வினாத்தாளைக் காட்டி, எந்த வினாவுக்கு அகராதியின் எந்தப் பகுதி விடை தருகிறது என்று சொல்லுங்கள். அதற்குத் தேவையான எல்லாவற்றையும் இன்று உங்கள் முன் வைத்திருக்கிறேன்.